தூக்கத்தில் விழும் வரிகள்

"இந்தப் பொம்பளை உங்களுக்கு எங்கேர்ந்து சார் கிடைச்சா?" என்றார் பதிப்பாளர், போனில்.

எழுத்தாளர் சாய்வு நாற்காலியில் கண்ணை மூடியபடி சிரித்தார். "கனவுல."

"விளையாடாதீங்க. இதுவரைக்கும் உங்க கதையில பொம்பளைங்க பேசினா, மீசையை எடுத்துட்டு நீங்களே பேசுற மாதிரி இருக்கும். இவ அப்படி இல்ல. 'நான் இந்த வீட்டு ஃபேன் மாதிரி. நின்னாத்தான் இருந்ததே தெரியும்.' இந்த இடத்துல எங்க பிழை திருத்துற அம்மா அழுதுட்டாங்க."

"சத்தியமாக் கனவுதான். மணிக்கட்டு போனதிலேர்ந்து நான் எங்க எழுதுறேன்? வாயால சொல்றேன், கம்ப்யூட்டர் எழுதிக்குது. சாப்பிட்டுட்டு இப்படிச் சாஞ்சு சொல்லிக்கிட்டே தூங்கிப்போயிடுறேன். எழுந்து பார்த்தா திரையில இவ பேசியிருக்கா. தூக்கத்துல உளறுறேன் போல."

"பலே சாஃப்ட்வேர்!"

"கம்ப்யூட்டரோட சும்மா வந்தது. வருஷக்கணக்கா உள்ளேயே கிடந்துது, நான் திரும்பிக்கூடப் பார்க்கல. முணுமுணுத்தாக்கூடக் கேட்டுக்குது. புத்தகத்தை அதுக்குத்தான் சமர்ப்பணம் பண்ணப்போறேன்."

"பண்ணுங்க. முதல்ல முடிவைக் கொடுங்க, அச்சகம் காத்துக்கிட்டிருக்கு. கடைசியில அவ வீட்டை விட்டுப் போறாளா, இருக்காளா?"

"அது தெரியாமத்தான் தவிக்கிறேன். அவளே வந்து சொன்னாத்தான் உண்டு."

போனை வைத்துவிட்டு மைக்கைப் போட்டார். ஜன்னல் திரை உப்பியது, அடங்கியது. அறைக்கே தூக்கம் வருவதுபோல் இருந்தது.

மனைவி ஈரக்கையைத் துடைத்தபடி வந்து நின்றாள். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"ஷ்! மைக் ஓடுது."

"ஒரு நிமிஷம்தான்."

"தூங்கி எழுந்து கேக்குறேன். இன்னிக்கு முடிவு வந்தாகணும்."

அவள் கையைத் துடைத்து முடித்தாள்.

"சரி. தூங்குங்க."

ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். வெளிச்சம் தணிந்தது.

கனவில் ஓர் ஆறு. அக்கரையில் ஒருத்தி. முகம் தெரியவில்லை. குரல் மட்டும் தண்ணீரின் மேல் நடந்து வந்தது, அவசரமில்லாமல். பதில் சொல்ல வாய் திறந்தார். வாய் நிறையத் தண்ணீர். பிறகு எங்கோ ஒரு கதவு மெல்லச் சாத்திக்கொண்டது.

விழித்தபோது அறை மஞ்சளாக இருந்தது. திரையில் வரிகள். தலையில் ஏற்றிவிட்டிருந்த கண்ணாடியை இறக்கிக்கொண்டு படித்தார்.

'நீங்க என்கிட்ட கடைசியாக் கேட்ட கேள்வி, கண்ணாடி எங்கேன்னு. அது உங்க தலையில இருந்துது. எப்பவும் போயிட்டு வரேன்னுதான் சொல்வேன். இன்னிக்கு, போறேன். சாப்பாடு மூடி வெச்சிருக்கேன். என் சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்கு.'

அவருக்குச் சிலிர்த்தது. அழுகை இல்லை, சாபம் இல்லை. ஒரு சாவி, ஒரு பூந்தொட்டி. எத்தனை வருடமாக இப்படி ஒரு முடிவுக்குக் காத்திருந்தார்! யாரிடமாவது உடனே படித்துக்காட்ட வேண்டும்.

"இங்க வாயேன்!" என்று கத்தினார். "முடிவு வந்துடுச்சு. போயிடுறா!"

கதவுப் பக்கம் திரும்பினார்.

"எங்க இருக்க? காதுல விழலையா?"

எழுந்து போனார். சமையலறையில் ஒரு தட்டு மூடியிருந்தது.

வாசலுக்கு வந்தார். பூந்தொட்டியை நகர்த்தினார். சாவி இருந்தது.

உள்ளே திரையில், அவள் பேசியதற்குக் கீழே, அவர் கத்தியதும் விழுந்திருந்தது. கடைசி வரி: 'எங்க இருக்க? காதுல விழலையா?'