பொய்ப் புகைபோக்கி

"ரெண்டுலயும் புகை வரணும் கெசையா. பெரிய சீமாட்டி வண்டி கேட்டுக்கு வர்றதுக்குள்ள வரணும்" என்றார் காரியஸ்தர் ட்ரான்டர்.

"வலப்பக்கத்துப் புகைபோக்கிக்கு அடியில கணப்பே இல்லீங்களே ஐயா."

"அது எனக்குத் தெரியாதா? பரண்ல வாளியை வெச்சு ஈர வைக்கோலைக் கொளுத்து. எல்லாத்துக்கும் நானே யோசனை சொல்லணுமா?"

கெசையா நல்ல பிள்ளையாகத் தலையாட்டினாள்.

பண்ணை வாசலில் கேட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு குட்டி வீடு, அந்தப் பக்கம் ஒரு குட்டி வீடு. இரண்டுக்கும் வைக்கோல் கூரை, ஒரே அச்சு. ஆனால் குடும்பம் ஒன்றுதான். இடப்பக்கம் சமையலறை, வலப்பக்கம் படுக்கையறை, நடுவில் பிரபுவின் வண்டிப்பாதை. மழையில் கஞ்சிச் சட்டியோடு பாதையைத் தாண்டினால் பாதி கஞ்சி, பாதி தண்ணீர்.

வரைபடம் போட்ட மகானுபாவன் லண்டனில் ஒரே வீட்டில் சௌக்கியமாக இருந்தான்.

ஜோடி பிசகக் கூடாதென்று படுக்கையறைக் கூரைமேலும் ஒரு புகைபோக்கியை நட்டுவைத்தவன் அவன்தான். அடியில் கணப்பு கட்டினால் அறை சிறுத்துவிடுமாம்.

போன குளிரில் கூஜாத் தண்ணீர் உறைந்து கூஜாவே வெடித்தது. இந்தக் குளிருக்குக் கைக்குழந்தை வேறு. இரண்டு மாதம்தான் ஆகிறது, அதற்குள் இருமல். 

இரும்புக் கட்டிலைச் சமையலறையில் போட்டுக்கொள்கிறோம் என்று இரண்டு முறை கேட்டுப் பார்த்தாள். ஜன்னல் வழியாகக் கட்டில் தெரிந்தால் விருந்தாளிகள் என்ன நினைப்பார்கள் என்று பிரபுவின் மனைவி சின்ன சீமாட்டி முகத்தைச் சுளித்துவிட்டாள்.

மூன்று மணிக்கு ஊதுகொம்பு கேட்டது. கெசையாவின் புருஷன் ஜேபஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு கேட்டைத் திறந்தான். இரண்டு புகைபோக்கியிலும் புகை. பெரிய சீமாட்டி வண்டியிலிருந்தபடியே கைதட்டினாள்.

கைதட்டி முடிப்பதற்குள் வலப்பக்கப் புகை கறுத்தது. பிறகு கூரையே பற்றிக்கொண்டது. குதிரைகள் மிரண்டன, சீமாட்டியின் தொப்பி பள்ளத்தில் விழுந்தது, வேலையாள் ஒருவன் பதற்றத்தில் எலுமிச்சைச் சாறு ஜாடியைத் தீயில் ஊற்றினான். அரை மணி நேரத்தில் மிஞ்சியது நான்கு சுவர்.

குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கெசையா ஏப்ரனில் முகம் புதைத்து அழுதாள்.

"பச்சப் புள்ளைய வெச்சுக்கிட்டு இவ இனிமே எங்கேம்மா படுப்பா?" என்று பெரிய சீமாட்டி, தீயைக் கண்டு மாளிகையிலிருந்து ஓடிவந்த மருமகளைப் பார்த்துக் கேட்டாள்.

மாமியார் எதிரில் வேறென்ன சொல்ல முடியும்? "சமையலறையிலயே படுத்துக்கட்டும் அத்தை" என்றாள் சின்ன சீமாட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு.

வண்டி போன பிறகு ட்ரான்டர் கைத்தடியால் சாம்பலைக் கிளறினார். மூலைக்கு மூலை கிளறினார். பிறகு நிமிர்ந்து, காலையிலிருந்தே திரை போட்டிருந்த சமையலறை ஜன்னலைப் பார்த்தார்.

இரும்புக் கட்டில் எரிந்து சாம்பலாகுமா?

"வைக்கோல் யார் யோசனைன்னு சின்ன சீமாட்டி கேட்டா என்னங்கய்யா சொல்றது?" கெசையா கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்டாள்.

ட்ரான்டர் சாம்பலைக் காலால் சமமாக்கினார்.

"நல்ல கட்டில்" என்றார். "பாவம், எரிஞ்சே போச்சு."