ஊறவைத்த அத்திப்பழம்

பேச்சு முடிவாகாமல் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று, கலஹாவிலிருந்து வந்த சுந்தரலிங்கம் தேநீரைக்கூட மறுத்துவிட்டார். மனைவியை இழந்தவனுக்கு மகளைக் கொடுக்க அவருக்கு இன்னும் மனம் வரவில்லை.

மாப்பிள்ளை கதிரேசன் ஊறவைத்த அத்திப்பழக் கிண்ணத்தை ரத்தினம்மாவிடம் நீட்டினான்.

"சாப்பிடுங்கம்மா. வயிறு இளகும், தெம்பும் வரும்."

"வந்தவங்க முன்னால ஏன்யா என் மானத்த வாங்குற?"

சுந்தரலிங்கம் கேட்டார். "கல்யாணத்துக்கு அப்புறம் அம்மா எங்க இருப்பாங்க?"

"எங்களோடதாங்க."

"அதுவும் சரிதான். பெத்தவள யாரு விடுவா?"

ரத்தினம்மா தலை குனிந்தாள். "நான் இவர பெக்கலீங்க. செத்துப்போன இவரு பொண்டாட்டியத்தான் பெத்தேன்."

சுந்தரலிங்கம் கிண்ணத்தை நோக்கிக் கையை நீட்டினார்.

"எனக்கும் ஒரு பழம் குடுங்கம்மா."