எண்ண முடியாதது

"இப்பக்கூடவா இங்கிலீசு?" என்றாள் பூங்கொடி அத்தை. அண்ணன் உள்ளே ஐசியூவில் கிடக்க, அவர் பெற்ற மகள் வாசலில் உட்கார்ந்து இலக்கணப் புத்தகம் புரட்டினால் யாருக்குத்தான் எரியாது?

"நாளைக்கி ஓட்டல் வேலைக்கி டெஸ்ட்டு கீது அத்த." கவியா தலை நிமிரவில்லை.

ஆங்கிலத்தில் அவளைப் படுத்தி எடுப்பது, சொல்லுக்கு முன்னால் ஒட்டும் இந்த 'எ'தான். மணல், தண்ணீர் மாதிரி எண்ண முடியாததற்கு அதைப் போடாதே என்பார்கள். ஆனால் முன்னால் 'லிட்டில்' வந்துவிட்டால் போடலாமாம். 'எ லிட்டில்' என்றால் கொஞ்சம் உண்டு, வெறும் 'லிட்டில்' என்றால் இல்லாத மாதிரிதான். மனுஷன் பிழைப்பானா இதில்?

மாமல்லபுரம் கரையில் அலை படகைப் புரட்டிப் போட்டதில், அதன் எஞ்சின் அவள் அப்பா சுதாகரின் தலையில் அடித்திருந்தது. செங்கல்பட்டுக்குக் கொண்டுவந்ததிலிருந்து அவர் கண் திறக்கவில்லை. மூச்சு மெஷினில்தான் ஓடியது.

அவர் மனைவி பரிமளா ஒரு முடிவோடு இருந்தாள். "தேறாதுன்னா இன்னிக்கே சொல்லிடட்டும். கொழாய கழட்டிட்டு வூட்டுக்கு இட்டுகினு பூடலாம். கண்டவங்க நடுவுல வாணாம், நம்ம வூட்லயே போவட்டும்."

டாக்டர் வெளியே வந்தார். வடக்கத்திக்காரர், தமிழ் வராது. பரிமளாவின் முகத்தைப் பார்க்காமல், "தேர் இஸ் லிட்டில் ஹோப்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு நின்றார்.

எல்லோரும் கவியாவைப் பார்த்தார்கள். அவள் புத்தகத்தை மூடினாள்.

"கொஞ்சம் நம்பிக்க கீதுன்றாரும்மா."

பரிமளா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அப்ப வூட்டுக்கு வாணாம், மெஷினு இருக்கட்டும்" என்றாள்.

பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தவள், டீ வேண்டும் என்று கேட்டாள். கூட்டிப் போகும்போது அத்தை கவியாவின் தலையைத் தடவினாள். "உன்னப் போயி திட்டிட்டேனே. நீ படிச்சது வீண் போவல."

அவர்கள் படி இறங்கியதும் கவியா நர்சிடம் கெஞ்சிக் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். அப்பாவின் கை குளிர்ந்திருந்தது. அவளுக்குப் பயமாக இருந்தது. அவர் காதருகே குனிந்தாள்.

"டாக்டரு 'எ' சொல்லல நைனா. நான்தான் போட்டேன்."