நித்தியகல்யாணி ஊசி

எரியோட்டு வெங்காய விவசாயி சுருளிவேல் ரத்தப் புற்றோடு மெட்ராஸ் ஆஸ்பத்திரிக்குப் போனபோதே, சொந்தபந்தமெல்லாம் அழுது முடித்துவிட்டது. 1966இல் அவர் பிழைத்துத் திரும்பியதில் அவர்களுக்குக் கொஞ்சம் சங்கடம்தான்.

"நித்தியகல்யாணிச் செடியில எடுத்த மருந்தாம் வள்ளி. கெட்ட அணுவப் பெருக விடாதாம்" என்றார் மனைவியிடம்.

"சுடுகாட்டுப் பூவையா ஒடம்புல ஏத்துனாக?" என்று சண்முகவள்ளி நெஞ்சில் கைவைத்தாள்.

கொட்டிய முடி மறுபடி முளைத்தது. பசிதான் திரும்பவில்லை. கறிக்குழம்பே வைத்தாலும், ஒரு சொம்புத் தண்ணீரைக் குடித்துவிட்டு வெயிலில் போய் நிற்பார். ஆனாலும் உடம்பு தேறிக்கொண்டே வந்தது. தன் சமையலுக்கு இப்படியொரு அவமானமா என்று வள்ளி பொருமினாள்.

ஒரு மத்தியானம், வெஞ்சனம் ஆறுகிறதே என்று தேடிப் போனாள். கிணற்றடிச் சேற்றில் கணுக்கால்வரை புதைந்து, சூரியனைப் பார்த்துச் சிரித்தபடி நின்றிருந்தார்.

"சாப்பிட வாங்க."

"காலு வரமாட்டேங்குது வள்ளி."

குனிந்து இழுத்தாள். மண்ணுக்குள் பொட்டுப்பொட்டென்று வேர் அறுகிற சத்தம் கேட்டது.

"ஆத்தாடி, வலிக்குது!" என்று அலறினார்.

வள்ளி கையை எடுத்துவிட்டாள். பிறகு கிணற்றில் நீர் இறைத்து, ஒரு குடத்தை அவர் காலடியில் மெதுவாக ஊற்றினாள்.

"இன்னொரு குடம்" என்றார் சுருளிவேல்.