பல்லிக்குக் காய்ச்சல்

ட்யூப்லைட்டுக்குப் பின்னாடி குடியிருந்த பல்லிக்கு நல்ல காய்ச்சல்.

"ஒரு நாள் லீவு போடேண்ணே"ன்னுச்சு பக்கத்துல இருந்த சிலந்தி.

"போடா! நான் சகுனம் சொல்லலைன்னா இந்த வீட்ல ஒரு காரியம் நடக்குமா? லீவு போட்டா அந்தச் சமையக்கட்டுப் பல்லி வந்து என் செவுத்துல ஒட்டிக்குவான்."

நடுங்கிக்கிட்டே செவுத்துக்கு வந்துச்சு. வீட்டுக்காரர் வடிவேலன் ஆபீசுக்குச் செருப்பு மாட்டுற நேரம், தொண்டை கட்டி, "த்சு த்சு"க்குப் பதிலா "கொர்ர்"ன்னுச்சு.

"அய்யய்யோ, சகுனமே சரியில்லியே!" வடிவேலன் செருப்பக் கழட்டிட்டு, மூக்கப் புடிச்சுக்கிட்டு, போன் போட்டாரு. "சாஆர்... காய்ச்சல் சார்... எந்திரிக்கவே முடியல சார்... லொக்கு லொக்கு."

பல்லி பெருமையா சிலந்தியப் பாத்துச்சு.

"பாத்தியா? நான் மட்டும் லீவு போட்டிருந்தா, இந்தக் காய்ச்சலோட ஆபீஸ் போயிருப்பாரு மனுஷன்!"