முதலில் பேட்டரி

ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுத்தாள் அக்கா.

“முதல்ல பேட்டரியை மாட்டுக்கா, அப்புறம்தான் சோலார் பேனல். மாத்தி மாட்டினா கன்ட்ரோலர் போயிடும்,” என்றான் தம்பி.

“சரிடா.”

“சிவப்பு வயர் பிளஸ்ல. உனக்குத்தான் எதுலயும் அவசரம்.”

“வாயிலயும்தான்டா.”

எல்லாவற்றையும் பொருத்தி ஸ்விட்சைத் தட்டினாள். பல்பு எரிந்தது.

“எரிஞ்சா ஒரு மிஸ்டு கால் குடு, போதும். இன்னும் என் மேல கோபம் இருந்தா பேச வேணாம்.”

சாமான்களோடு அவன் அனுப்பிய அந்த வாய்ஸ் மெசேஜை ஒரு வருடமாக அவள் திறக்கவில்லை. இன்றுதான் திறந்தாள். தம்பி இறந்து எட்டு மாதம்.

அவன் எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுத்தாள். உடனே அந்த எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. தம்பி மனைவி பேசினாள்.

“லைட் எரிஞ்சுதா அண்ணி? கடைசி வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தாரு.”