மாற்றுவதற்கு ஏற்ற வருஷம்

"டெல்பர்ட், நம்ம ஓய்வுகாலச் சேமிப்பை இந்த வருஷமே ராத் கணக்குக்கு மாத்திடலாமா?"

சாண்ட்விச் டப்பாவோடு ஆபீசுக்குக் கிளம்பிய கணவனை வாசலில் மறித்தாள் நோரீன்.

"இதுவரை வரி கட்டாம சேர்த்த பணம். மாத்தினா அவ்வளவும் இந்த வருஷ வருமானமாயிடும். வரி முழுங்கிடும்."

"இப்பவே வரி கட்டிட்டா, கடைசிக் காலத்துல எடுக்கறப்ப வரியே கிடையாதே?"

"வாஸ்தவம்தான். ஆனா என் சம்பளத்துக்கு மேல அதுவும் சேர்ந்தா தாங்காதுடி. வருமானம் கம்மியா இருக்கற வருஷம் பார்த்துதான் மாத்தணும்."

"அதனாலதான் இந்த வருஷம்னு சொல்றேன்."



அவன் கையிலிருந்த டப்பாவை நோரீன் மெல்ல வாங்கிக்கொண்டாள்.

"ஏப்ரல்லயே உன் வேலை போயிடுச்சுன்னு எனக்குத் தெரியும். பார்க் பெஞ்சுல அணிலோட பங்கு போட்டுத் தின்னது போதும். பனி கொட்டுது, இனிமே வீட்டுலயே உட்கார்ந்து சாப்பிடு."